ஸ்டீராய்டு இல்லாமல் கொப்புள நோயைச் சமாளிக்க முடியுமா? எல்லாரும் கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கு வந்திருப்பது பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் என்று தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. தோல் பிரிவு வாசலில் காத்திருந்த நாட்களில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களோடு பேசிப் பழகியது, பிறகு ஃபோனில் தொடர்ந்தது. யார் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வி: "ஸ்டீராய்டு இல்லாம முடியாதா அக்கா?" முகம் உப்பி, சுகர் ஏறி, எலும்பு தேய்ந்த யாரையாவது பார்த்திருப்பார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. இந்த நோயோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள், படித்தவள், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். இங்கே வரும் மருந்து அளவுகள் உங்கள் டாக்டரிடம் பேச உதவும். அவற்றைப் பார்த்து நீங்களே மருந்து வாங்கிவிடாதீர்கள்.

அக்கா, இது அக்கியா, அம்மையா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் இல்லை. அம்மையும் அக்கியும் வைரஸால் வருபவை, சில வாரங்களில் அடங்கிவிடும். பெம்பிகஸ் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் தோலைத் தாக்குவதால் வருவது. எங்கள் வீட்டிலும் முதலில் வேப்பிலை வைத்தோம். அப்புறம் அக்கி என்று நினைத்து, குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வந்தோம். அதில் மூன்று வாரம் போயிற்று.

அதற்கும் முன்னால் நான்கு மாதம் அம்மாவுக்கு வாய்ப்புண் மட்டும்தான் இருந்தது. மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். பெம்பிகஸ் வல்காரிஸ் பெரும்பாலானவர்களுக்கு வாயில்தான் தொடங்கும். ஒரு மாதம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒட்டுமா? வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க.

ஒட்டாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. பேரனைத் தூக்க அம்மா ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தார். யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும்போது மட்டும், சளி, காய்ச்சல், அம்மை உள்ள குழந்தைகளிடமிருந்து நோயாளிதான் தள்ளி இருக்க வேண்டும்.

ஒரு டாக்டர் பெம்பிகஸ்னாரு, இன்னொருத்தர் பெம்பிகாய்டுன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானே?

பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது, நோய் வேறு. மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதங்கள் இருக்கின்றன. மல்லிகைச் சரத்தில் நார் மாதிரி. பெம்பிகஸில் நம் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) அந்த நாரை அறுத்துவிடுகின்றன, பூக்கள் தனித்தனியாக உதிர்கின்றன. அதனால் கொப்புளம் மெல்லியதாக, தொட்டாலே உடைந்து, தோல் உரிந்து பச்சைப் புண்ணாக நிற்கும். வாயில் டெஸ்மோகிளீன் 3 முக்கியம், உடம்புத் தோலில் டெஸ்மோகிளீன் 1 முக்கியம். வாயில் மட்டும் வருவதற்கும் உடம்பிலும் வருவதற்கும் இதுதான் காரணம்.

பெம்பிகாய்டில் சரம் அறுவதில்லை. சுவரிலிருந்து பூச்சு மொத்தமாகக் கழன்று வருவதுபோல மேல்தோல் முழுதாக அடித்தோலை விட்டு எழும்புகிறது. கொப்புளம் தடிமனாக, விறைப்பாக இருக்கும், அரிப்பு உயிரை எடுக்கும். பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். இவை தவிர டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ், லீனியர் ஐ.ஜி.ஏ. என்று வேறு சில கொப்புள நோய்களும் உண்டு. எந்த நோய் என்று தெரியாமல் ஸ்டீராய்டு வேண்டுமா, வேண்டாமா என்று பேசவே முடியாது.

பயாப்ஸிக்கு ரெண்டு இடத்துல எடுக்கணும்ங்கறாங்க. காசு பறிக்கவா?

இல்லை, இரண்டும் தேவை. கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு: தோல் எந்த மட்டத்தில் பிரிந்திருக்கிறது என்று பார்க்க. பக்கத்தில் நல்ல தோலிலிருந்து இன்னொன்று: ஆன்டிபாடி எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரும் சாயம் வைத்துப் பார்க்க. முதல் துண்டு ஃபார்மலினில் போகும். இரண்டாவதை ஃபார்மலினில் போட்டால் கெட்டுவிடும், அதற்கான தனித் திரவத்தில்தான் போட வேண்டும். அம்மாவுக்கு ஓர் இடத்தில் இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டுவிட்டார்கள், மறுபடி தையல் போட வேண்டியதாயிற்று. பாட்டில் இரண்டா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதோடு ரத்தத்தில் டெஸ்மோகிளீன் 1, 3 ஆன்டிபாடி அளவையும் எலைசா முறையில் பார்ப்பார்கள். பின்னால் மருந்தைக் குறைக்கும்போது அந்த எண் உதவும்.

நேராச் சொல்லுங்க. ஸ்டீராய்டு இல்லாம முடியுமா, முடியாதா?

நோயைப் பொறுத்தது. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ், லீனியர் ஐ.ஜி.ஏ. இரண்டிலும் பெரும்பாலும் முடியும். பெம்பிகாய்டில் பலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையைத் தவிர்க்கலாம். பரவலான பெம்பிகஸ் வல்காரிஸில், ஆரம்பத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் இருப்பது மிகவும் கடினம். நோயை வாரக்கணக்கில் அடக்கும் வேகம் அதற்குத்தான் இருக்கிறது. மற்ற மருந்துகள் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும்.

1950களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சில வருடங்களில் இறந்துபோனார்கள். உரிந்த தோல் வழியாக நீர் போகும், கிருமி உள்ளே போகும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "ஸ்டீராய்டு விஷம், வேண்டவே வேண்டாம்" என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எவ்வளவு சீக்கிரம் குறைக்க முடியும், அதற்கு இன்றைக்கே எந்த மருந்தைச் சேர்த்துத் தொடங்கலாம்?" இதைக் கேட்கத் தெரியாமல் எட்டு மாதம் அம்மா வெறும் ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்டார். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

பயந்து நானே மாத்திரையை நிறுத்திட்டேன். நாலு நாள் ஆச்சு.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள். சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு சாப்பிட்டால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருகிறதே, நாம் எதற்குச் சுரக்க வேண்டும் என்று சும்மா இருந்துவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் உடம்பில் இரண்டும் இருக்காது. தலைசுற்றல், வாந்தி, பிரஷர் இறங்குவது, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொரு பக்கம் நோயும் முன்னைவிட வேகமாகத் திரும்பும்.

குறைப்பது என்றால் படிப்படியாக, டாக்டர் எழுதிக்கொடுத்த கணக்கில்தான். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி, மாத்திரை அளவு, அன்றைக்கு வந்த புதுக் கொப்புளம் எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் குறைப்பார்.

ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டா ஸ்டீராய்டே வேண்டாமாமே?

பெம்பிகஸில் ஸ்டீராய்டு காலத்தைச் சுருக்கியதில் இந்த மருந்துக்குத்தான் பெரிய பங்கு. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களாக மாறப்போகும் பி செல்களை அது அழிக்கிறது. பிரான்சில் 90 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ரிட்டுக்ஸிமாபோடு குறுகிய காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டாம் வருட முடிவில் மருந்தே இல்லாமல் கொப்புளம் இன்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தவர்களில் அது 34 சதவீதம். 2018இல் அமெரிக்காவில் பெம்பிகஸுக்கு இதற்கு அனுமதி கிடைத்தது.

அந்த ஆய்விலும் ஸ்டீராய்டு இருந்தது என்பதைக் கவனியுங்கள். மிதமான நோய்க்கு 3 மாதம், கடுமையான நோய்க்கு 6 மாதம். வருடக்கணக்கில் சாப்பிட்டது மாதக்கணக்காகக் குறைந்ததுதான் இங்கே கிடைத்த லாபம். ஊசிக்கு முன்னால் ஒவ்வாமை வராமல் இருக்க டிரிப்ஸில் ஏற்றும் மருந்துகளிலும் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். அதைப் பார்த்து "ஏமாத்திட்டாங்க" என்று ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். அது ஒரு நாள் மருந்து, பயப்பட வேண்டாம்.

அது கேன்சர் ஊசியாச்சே? எங்க அம்மாவுக்குக் கேன்சரா?

இல்லை. 1997இல் நிணநீர்க்கட்டிப் புற்றுநோய் ஒன்றுக்காக முதலில் வந்த மருந்து என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெம்பிகஸுக்கு வழக்கமாக 1 கிராம் வீதம் இரண்டு முறை, இரண்டு வார இடைவெளியில் ஏற்றுவார்கள். முடி கொட்டுவதில்லை. முதல் பாட்டில் மெதுவாக ஏறும், அரை நாள் ஆகும். அம்மாவுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் குளிர் நடுங்கியது. நர்ஸ் டிரிப்ஸை நிறுத்தி, போர்வை போர்த்தி, அரை மணி நேரம் கழித்துத் திரும்பத் தொடங்கினார். இரண்டாவது முறை ஒன்றும் இல்லை.

ஊசிக்கு முன்னால் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். பழைய கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிக் கல்லீரலைக் கெடுக்கும். காசநோய், ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் செய்வார்கள். தடுப்பூசி ஏதாவது போட வேண்டியிருந்தால் சில வாரங்கள் முன்பே போட்டுவிடுங்கள், ஊசிக்குப் பிறகு தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. செலவைப் பொறுத்தவரை, இந்தியாவில் தயாராகும் ரிட்டுக்ஸிமாப் 2007 முதல் கிடைக்கிறது, முதல் கம்பெனி மருந்தைவிட விலை குறைவு. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊசி போட்டு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் கொப்புளம் வருதே?

வரும். மருந்து பி செல்களை அழித்துவிட்டாலும், ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகள் தீர நாள் ஆகும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல்தான் வித்தியாசம் தெரியும். ஊசி போட்டவுடனே ஸ்டீராய்டை ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கும் இதுதான் பதில். அம்மாவுக்கு 11ஆவது வாரத்தில், ஒரு நாள் காலையில் ஜாக்கெட்டைக் கழற்றும்போது துணியோடு தோல் ஒட்டி வரவில்லை. அதுவரை தினமும் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துத்தான் கழற்றுவோம். காலண்டர் தாளில் அன்றைக்கு "ஒட்டலை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அசாதையோப்ரின், மைக்கோஃபினோலேட்... இதெல்லாம் எதுக்கு?

ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத் துணைக்குத் தரும் மாத்திரைகள். வேலை செய்ய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ரிட்டுக்ஸிமாபையும் மைக்கோஃபினோலேட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்வில், நிலையான முழு நிவாரணம் முதலாவதில் 40 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். ஆனால் ரிட்டுக்ஸிமாப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வசதி இல்லாதவர்களுக்கும் இந்த மாத்திரைகள் இன்னும் கைகொடுக்கின்றன.

அசாதையோப்ரின் தொடங்கும்போது ரத்த அணுக்கள் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் ஆசியர்களிடம் அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. அது இருப்பவர்களுக்கு வெள்ளை அணுக்கள் சட்டென்று சரியும். யூரிக் ஆசிட்டுக்கு அல்லோபூரினால் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

மாசாமாசம் மூணு நாள் டிரிப்ஸ் போடறாங்களே, அது என்ன?

அது 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா உருவாக்கிய முறை. டெக்ஸாமெத்தாசோன் 100 மி.கி. தொடர்ந்து மூன்று நாள், நடுநாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மி.கி., 28 நாளுக்கு ஒருமுறை. இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்த முறை. ஆனால் டெக்ஸாமெத்தாசோனும் ஸ்டீராய்டுதான். "எனக்கு ஸ்டீராய்டு இல்லை, டிரிப்ஸ் மட்டும்தான்" என்று சிலர் சொல்லும்போது இதைச் சொல்லிவிடுவேன். சைக்ளோஃபாஸ்ஃபமைடு கருத்தரிக்கும் திறனைக் கெடுக்கலாம் என்பதால் இளவயதினர் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

எங்க அப்பாவுக்கு 78 வயசு, சுகர் வேற. பெம்பிகாய்டுன்னு சொல்லிட்டாங்க.

முதலில் அவர் சுகர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர் "கிளிப்டின்" என்று முடிகிறதா? வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகை மாத்திரைகளுக்கும் பெம்பிகாய்டுக்கும் தொடர்பு இருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சுகர் டாக்டரிடமும் தோல் டாக்டரிடமும் காட்டி வேறு மாத்திரைக்கு மாறிய பிறகு சிலருக்கு நோயே தணிந்திருக்கிறது. நம் ஊரில் இந்த மாத்திரை சாப்பிடாத வீடு குறைவு என்பதால் இதை யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்து, டாக்ஸிசைக்ளின். சாதாரண ஆன்டிபயாட்டிக்தான். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 253 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 200 மி.கி. டாக்ஸிசைக்ளினில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்தில் கொப்புளங்கள் மூன்று அல்லது அதற்கும் கீழே குறைந்தன. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்கியவர்களில் 91 சதவீதம். ஆனால் ஒரு வருடத்தில் கடுமையான பக்கவிளைவு டாக்ஸிசைக்ளின் பக்கம் 18 சதவீதம், ஸ்டீராய்டு பக்கம் 36 சதவீதம், சரிபாதி. 78 வயதில், சுகரோடு, இந்தக் கணக்கு முக்கியம். குளோபெட்டசால் களிம்பை உடம்பு முழுக்கத் தடவுவது இன்னொரு வழி. அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் பரவலான பெம்பிகாய்டில் மாத்திரையைவிட உயிர்காப்பதில் மேலானது என்று 2002இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். வயதானவர்களுக்குத் தினமும் தடவிவிட ஆள் வேண்டும், அதுதான் சிரமம். டுபிலுமாப் என்ற ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் பெம்பிகாய்டுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

டாப்சோன் எழுதியிருக்காங்க. அது குஷ்ட மாத்திரையாமே?

தொழுநோய்க்கும் அதுதான், சில கொப்புள நோய்களுக்கும் அதுதான். உங்களுக்குத் தொழுநோய் என்று அர்த்தம் இல்லை. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸில் இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு அடங்கும். தொடங்கும் முன் ஜி6பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த என்சைம் குறைவாக இருப்பவர்களுக்கு டாப்சோன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது நேர்மாறு.

டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸுக்குக் கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன்தான் மூலம். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் போக வேண்டும். இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, கம்பு இருக்க நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், சாம்பார், ரசம் வழியாகத் தினமும் உள்ளே போகும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தோலில் பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும், அதுவரை டாப்சோன் துணை.

பெம்பிகஸுக்கும் பத்தியம் உண்டா? பூண்டு, வெங்காயம் கூடாதாமே?

பூண்டு, வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பெம்பிகஸைத் தூண்டலாம் என்று சில நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். உறுதியான சான்று இல்லை. உங்களுக்குச் சாப்பிட்டால் கூடுகிறது என்று தெரிந்தால் விடுங்கள், இல்லையென்றால் விட வேண்டியதில்லை. வாய்ப்புண் இருக்கும்வரை காரம், புளி, முறுக்கு, வறுவல் வேண்டாம், அது எரிச்சலுக்காக. அம்மாவுக்குக் குழைத்த தயிர்சாதம், ஆறின கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம். உரிந்த தோல் வழியாகப் புரதம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் முட்டை, பருப்பு, பால் குறையக் கூடாது.

நாட்டு மருந்துல குணமாகிடும்னு ஒருத்தர் பொட்டலம் தர்றார். ஸ்டீராய்டே இல்லையாம்.

என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தைச் சாப்பிடாதீர்கள். ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடிப்போய், பெயரில்லாத பொடிக்குள் அதே ஸ்டீராய்டைச் சாப்பிட்டவர்கள் உண்டு. இரண்டே நாளில் கொப்புளம் அடங்கி, பசி எடுத்து, முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள். பெம்பிகஸ் அடங்க எவ்வளவு நாள் ஆகும் என்று மேலே படித்தீர்கள் அல்லவா? பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவது உங்கள் விருப்பம். அவர் தருவது என்ன என்று எழுதி வாங்கித் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், நடப்பு மருந்தை விடாதீர்கள்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

சின்னதை விட்டுவிடுங்கள். பெரிதாக, வலியோடு இருந்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடிக்கச் சொல்வார்கள், மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. அதுதான் புண்ணுக்கு இயற்கையான கட்டு. முதல் முறை நர்ஸைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். முதுகு முழுக்க உரிந்திருந்த நாட்களில் வார்டில் அம்மாவை வாழையிலையில் படுக்கவைத்தார்கள். நடுத்தண்டைச் சீவி, கிருமி நீக்கிய இலை. பருத்தித் துணி ஒட்டும், வாழையிலை ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பல வருடங்களாக இருக்கும் பழக்கம் இது. சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள்.

எனக்கு 27 வயசு, பெம்பிகஸ். குழந்தை பெத்துக்கலாமா?

பெறலாம், திட்டமிட்டு. நோய் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. மைக்கோஃபினோலேட், மீத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மூன்றும் கருவுக்கு ஆகாது, முன்பே மாற்ற வேண்டும். ரிட்டுக்ஸிமாப் போட்டால் 12 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறது மருந்தின் குறிப்பேடு. கர்ப்பத்தின்போது நோய் கிளம்பினால், டாக்டர்கள் முதலில் எடுப்பது குறைந்த அளவு ப்ரெட்னிசோலோன்தான். இவ்வளவு நேரம் தவிர்க்கப் பார்த்த மருந்தே அங்கே பாதுகாப்பானவற்றில் ஒன்றாகிறது. தாயின் ஆன்டிபாடி குழந்தைக்குப் போய்ப் பிறக்கும்போது சில கொப்புளங்கள் இருக்கலாம். அவை சில வாரங்களில் தானே மறையும், குழந்தைக்கு நோய் தங்காது.

எல்லா மருந்தும் நின்னாச்சு. திரும்ப வருமா?

வரலாம். ரிட்டுக்ஸிமாப் போட்டவர்களிலும் ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு, அதனால்தான் மேலே சொன்ன பிரெஞ்சு ஆய்வில் 12, 18ஆம் மாதங்களில் 500 மி.கி. ஊசி மறுபடி போட்டார்கள். டெஸ்மோகிளீன் ஆன்டிபாடி எண் ஏறத் தொடங்கினால் கொப்புளம் வரும் முன்பே சந்தேகப்படலாம். திரும்பினாலும் அதே ஊசி பெரும்பாலும் மறுபடி கேட்கிறது, சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டு குறைவாகவே போதும், சிலருக்கு வேண்டியிருக்காது.

அம்மாவுக்கு நான்காம் வருடம் ஒருமுறை வந்தது, ஈறில் ஒரே ஒரு புண்ணாக. இந்தமுறை மணத்தக்காளிக் கீரைக்காகக் காத்திருக்கவில்லை, அதே வாரம் போய்விட்டோம். வாய்க்கு மட்டும் தடவும் மருந்தும் ஒரு சுற்று ஊசியும்தான், ஸ்டீராய்டு மாத்திரை எழுதவில்லை. இப்போதும் பல் தேய்த்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி வைத்து வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காபிக்கு உட்காருகிறார்.